எல்லையோர மருத்துவமனை வரவேற்பாளர்களுக்குப் பயிற்சி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் படித்து வெளிவரும் எங்கள் பெண்களுக்கு எளிதில் கிடைக்கிற வேலைகளுள் ஒன்று, மருத்துவமனை வரவேற்பாளர் பணி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரத்தார் பெரிய நோய் என்றால் கோவைக்குச் செல்வது நெடுநாள் வழக்கம் என்பதால், அங்குள்ள மருத்துவமனைகளில் தமிழும் மலையாளமும் தடையின்றிப் பேசுவோருக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் வேலையில் சேர்ந்தவர்கள் ஆண்டுகள் கழிந்தும் அதே மேசையில், ஏறக்குறைய அதே சம்பளத்தில் இருப்பதுதான் என் கவலை.

டோக்கன் கொடுத்து, ஓ.பி. சீட்டு எழுதி, பெயர் கூப்பிடுவதோடு இந்த வேலை முடிந்துவிடுவதில்லை. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் ஆகிய இரண்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கின்றன. எந்த அட்டை எங்கே செல்லும், முன் அனுமதிக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று வந்தவுடன் சொல்ல வேண்டியவர் வரவேற்பாளரே. மலையாளத்தில் உள்ள ரேஷன் கார்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் இனிஷியல், சிலருடைய ஆதாரில் முன்னால் இருக்கும். பழைய சீட்டிலோ வீட்டுப் பெயரும் சேர்ந்திருக்கும். சேர்க்கையின்போதே இந்தப் பெயர் வேறுபாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் பெண் ஒருத்தி இருந்தால், காப்பீடு தடைபடாமல் நோயாளியின் பணம் தப்பும். இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் நாளில் குடும்பமே கவுன்ட்டர் முன் நின்று தவிக்க நேரும்.

இவ்வளவு பொறுப்பான வேலையைக் கேட்டும் பார்த்தும்தான் இவர்கள் கற்கிறார்கள். கையில் சான்றிதழ் இல்லாததால், இடம் மாறினால் மறுபடியும் புதியவர் சம்பளம்தான். 2018இல் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 20,000 ரூபாய் என நிர்ணயித்ததற்குப் பின்னால் அவர்களின் சங்கமும் போராட்டமும் இருந்தன. வரவேற்பாளர்களுக்காகப் பேச அப்படி யாரும் இல்லை. இளையவர்கள் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்துகொள்ளும் காலத்தில், டோக்கன் மட்டும் கொடுக்கத் தெரிந்தவர்களின் வேலைதான் முதலில் போகும் என்று அஞ்சுகிறேன்.

ஐ.டி.ஐ.களில் 'கோபா' என்னும் ஓராண்டுக் கணினிப் பயிற்சி ஏற்கெனவே உள்ளது. அதோடு காப்பீட்டு நடைமுறை, மருத்துவச் சொற்கள், 'ஆபா' என்னும் 14 இலக்க மருத்துவக் கணக்கு எண் பதிவு, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது ஆகியவற்றைச் சேர்த்து, தமிழிலும் மலையாளத்திலும் கற்பிக்கலாம். தமிழ்த்துறை உள்ள சித்தூர் அரசுக் கல்லூரியில் இதை மாலை நேர வகுப்பாகவும் நடத்தலாம். அந்தச் சான்றிதழை இரு மாநில அரசுகளும் ஏற்க வேண்டும்.

இன்னொன்றும் உடனே செய்ய வேண்டியுள்ளது. பிற்பகல் ஷிப்ட் முடிந்து இரவில் வேலந்தாவளம் வழியே ஊர் திரும்ப நம்பகமான பேருந்து இல்லை என்பதற்காகவே வேலையை விட்ட பெண்கள் இங்கே உண்டு. இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் கலந்து பேசி, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கோவையிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு பேருந்தையாவது தவறாமல் இயக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை