பள்ளித் தேர்தல் நாவலுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளியொன்றில் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கதையாக நான் எழுதிய சிறார் நாவல் அச்சாகிவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பதால், அதற்காக உழைத்த மற்றவர்களைப் பற்றி இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நன்றி, பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா அவர்களுக்கு. இயந்திரத்தைவிட வாக்குச்சீட்டே கதைக்குப் பொருந்தும் என்றவர் அவர்தான்; 2019 இறுதியில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில்கூட நம் ஊர்களில் சீட்டில்தானே முத்திரை குத்தினோம். பழைய நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து, அதில் சின்னங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடித்துக் காட்டினார். மாற்றி மடித்தால் ஈர மை அடுத்த சின்னத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினாலும் முத்திரையிலுள்ள அம்புக்குறிகள் எதிர்ப்பக்கமாகச் சுழன்று தெரியுமாதலால், வாக்காளர் எங்கே குத்தினார் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். செல்லாத ஓட்டு என்று பிள்ளைகள் மல்லுக்கட்டும் அத்தியாயம் முழுவதும் அந்தக் கிழிந்த தாளிலிருந்து பிறந்ததுதான்.

தமிழாசிரியை அம்மா அவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துச் சொன்னார்கள். அது நம் டெல்டாவுக்கு வெளியே இருந்தாலும், அது வெட்டப்பட்ட காலத்தில் ஆண்ட முதலாம் பராந்தகன் நம் சோழநாட்டு அரசன்தான். 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளில் வரும் குடவோலை முறையில், குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன் என்பது பிள்ளைகளுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கோ, பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்ற விதிதான் பயன்பட்டது. சுற்றுலாப் பணத்துக்குக் கணக்குச் சொல்லாத பழைய தலைவன் நாவலில் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

எழுத எழுதக் கேட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. “மிட்டாய வாங்கிக்கிட்டு வேற ஆளுக்கு ஓட்டுப் போட்டா தப்பா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். என்னிடம் விடை இல்லாததால், கதையில் வரும் ஆசிரியரையும் விடை சொல்லாமலே விட்டிருக்கிறேன். “ஐப்பசியில தேர்தல் வச்சா மழை லீவு வராதா?” என்று இன்னொருவன் மடக்கியதால், வாக்குப்பதிவு இருமுறை தள்ளிப்போகிறது. அறிவுரை சொல்லும் இடங்களில் அவர்கள் விட்ட கொட்டாவிக்கும் நன்றி. அந்தப் பக்கங்கள் இப்போது நூலில் இல்லை.

சத்துணவுக்கூடத்து அரிசிச் சாக்கையே வாக்குச்சாவடித் திரையாக வரைந்த திருவாரூர் ஓவியர், அறுவடை வேலைக்கு நடுவிலும் ஒற்றுப் பிழைகளைத் தேடித்தேடிக் களைந்த கும்பகோணத்து நண்பர், சனிக்கிழமை வாசிப்புக்கு இடம் தந்த ஊர்ப்புற நூலகர், இரவு நெடுநேரம் விளக்கெரிவதைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டார் ஆகிய அனைவருக்கும் என் நன்றி உரியது.

கதை கேட்ட பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி தலைமையாசிரியரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். வேறு பள்ளிக்கு மாறிச் சென்றவர்களும் வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.