மாடித்தோட்டச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, துணைத்தலைவர் அம்மா அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாட்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கோரம் சேராததால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைக்கப்பட்ட கூட்டம் இது. வேலையை விட்டுவிட்டு இன்று வந்திருப்பவர்களுக்கு என் முதல் நன்றி.

ஆடிப்பெருக்கன்று விதைப் பரிமாற்றம் வழக்கம்போல் நடந்தது. டிசம்பர் 30 அன்று இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவின் நினைவு நாளில் மரக்கன்றுகள் வழங்கினோம். பஞ்சகவ்யப் பயிற்சி ஒன்று நடந்தது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது.

இனி, இவ்வாண்டின் முக்கியப் பணியான மழைக்கால உள்ளறை வளர்ப்பு, அதாவது அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்ப்பது. இது தேவையா என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

டெல்டாவில் மாடித்தோட்டம் ஐப்பசியில் படுத்தால் தையில்தான் எழுந்திருக்கிறது. வெயில் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், விடாத மழை பையிலுள்ள சத்தையெல்லாம் கரைத்து அடித்துளை வழியாக வெளியே கொண்டுபோய்விடுவது. மழை விட்டபின் பார்த்தால் மண் இறுகி, மேலே பாசி பிடித்து, செடி வெளுத்து நிற்கும். நம்மில் பலர் அந்த மண்ணைக் கொட்டிவிட்டுத் தைப்பட்டத்துக்குப் புதுமண் வாங்குகிறோம். ஆண்டுதோறும் இந்தச் செலவு தேவையே இல்லை. உயிருள்ள மண்ணை ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்தால், கொட்டாமல் கிளறாமல் பல போகம் எடுக்கலாம். சங்க அறையின் பின்பகுதியில் மூன்று தட்டு ரேக் போட்டு விளக்கு வைத்தது இதை உறுப்பினர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். நவம்பர் கடைசி வார மழையில் மாடியில் எதுவும் மிஞ்சாதபோது, அந்த அறையில் அரைக்கீரையும் வெந்தயக்கீரையும் அறுவடைக்கு நின்றன.

மண்கலவையின் அளவைப் பலரும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கே பதிவு செய்கிறேன். ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளும் இரும்புச் சட்டி அளவில், செம்மண் 3 சட்டி, மட்கிய தென்னைநார்க்கழிவு 3, மண்புழு உரம் 2, நன்றாக மட்கிய தொழுவுரம் 1, கருக்கிய உமி 1. ஆக 100 லிட்டர். இதற்கு வேப்பம்புண்ணாக்கு முக்கால் கிலோ, எலும்புத்தூள் அரை கிலோ, நன்மை செய்யும் நுண்ணுயிர்களான டிரைகோடெர்மா விரிடி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா வகைக்கு 100 கிராம். நம் ஊர் வண்டல் களியைச் செம்மண்ணுக்குப் பதில் போட வேண்டாம். வயலில் அது தங்கம், தொட்டியில் கல். நனைந்தால் காற்றுப் புகாது, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் போதும்.

நார்க்கழிவில் உப்பு இருக்கும், கடற்கரைப் பக்கத்துச் சரக்கில் கூடுதலாகவே இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். உமியைப் பச்சையாகப் போட்டால் அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். அரிசி ஆலையில் கிடைக்கும் வெள்ளைச் சாம்பலும் கூடாது, காரத்தன்மை ஏறிவிடும். பக்கமெல்லாம் துளையிட்ட தகர டின்னைக் கவிழ்த்து, மேலே புகைக்குழாய் பொருத்தி, உள்ளே தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்தால் உள்ளிருந்து கறுத்துக்கொண்டே வரும். குவியலின் மேற்பரப்பு கறுத்தவுடன் பரப்பித் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அத்தனையும் சாம்பல்.

கலந்த மண்ணை அன்றைக்கே தொட்டியில் நிரப்புவதுதான் நம் உறுப்பினர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் அவசரம். புண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பும், அம்மோனியா வாடை வரும், இளவேர் கருகும். ஈரப்படுத்தி நிழலில் குவித்து, நனைத்த கோணிச்சாக்கால் மூடி, வாரம் ஒருமுறை புரட்டி, குறைந்தது மூன்று வாரம் விட வேண்டும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு கை அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. குவியலுக்குள் கையை விட்டால் சூடு இல்லாமல், மழை பெய்த தோப்பு வாடை வந்தால் மண் தயார்.

தட்டின் அளவு 4 அடிக்கு ஒன்றரை அடி, மண்ணின் ஆழம் 8 அங்குலம். இதைவிடக் குறைந்தால் மண் சீக்கிரம் காயும், நுண்ணுயிரும் நிலைக்காது. நனைந்த நிலையில் ஒரு தட்டு 100 கிலோவைத் தாண்டும். எனவே ஸ்லாட்டட் ஆங்கிள் (துளையிட்ட இரும்புக் கோணச் சட்டம்) ரேக்கில் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் குறுக்குச் சட்டம் கட்டாயம். விளக்கு, கடையில் கிடைக்கும் 4 அடி எல்இடி பேட்டன் (குழல்விளக்கு), 20 வாட், 6500 கெல்வின் வெள்ளை, தட்டுக்கு மூன்று. இலை நுனியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்க வேண்டும். செடி வளர வளர விளக்கையும் ஏற்ற வேண்டும் என்பதால் சங்கிலியில்தான் மாட்ட வேண்டும். உயரம் கூடினால் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கீரை, புதினா, திருநீற்றுப்பச்சிலை, தைப்பட்டத்துக்கான கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று, இவற்றுக்கு இந்த வெளிச்சம் போதும். காய் எடுக்கப் போதாது.

அரைக்கீரை, சிறுகீரைக்கு 14 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும். வெளிச்ச நேரம் குறைந்தால் கீரை சீக்கிரம் பூவெடுத்துவிடும். கொத்தமல்லி இதற்கு நேரெதிர், நேரம் கூடினால் தண்டு கிளம்பிப் பூக்கும். அதற்கு 12 மணி நேரம் போதும், எனவே தனித் தட்டு, தனி டைமர். மழைக்காலத்தில் மின்தடை அடிக்கடி வருவதால் சக்கர டைமர் நின்று நின்று ஓடுகிறது. நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் டைமரும் நாலு மணி நேரம் பின்தங்கும், விளக்கு நடுராத்திரி வரை எரியும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். இரண்டு செயற்குழுக் கூட்டங்களாக இதை வைத்திருக்கிறேன்.

மின்கட்டணம் பற்றிக் கேள்வி வந்தது. தட்டுக்கு 60 வாட், 14 மணி நேரம், அதாவது நாளுக்கு 0.84 யூனிட். மூன்று தட்டுக்கும் நாளுக்கு இரண்டரை யூனிட், மாதத்துக்கு 75 யூனிட் சுமார். கொத்தமல்லித் தட்டுக்கு இதிலும் குறையும். சிறிய மேசை விசிறிக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். விசிறி ஆடம்பரம் அல்ல. கார்த்திகை மாதக் காற்றின் ஈரத்தில் அது இல்லாமல் நாற்றழுகல் நிச்சயம். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடியோ 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவோ கலந்து விதைத்ததும், தண்டை மெல்ல ஆட்டுகிற அளவுக்கு விசிறி ஓடியதும் சேர்ந்துதான் நாற்றைக் காப்பாற்றின.

இப்போது மனவருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதற்கு முறை வைத்துப் பட்டியல் ஒட்டினோம். கையெழுத்துப் போட்டவர்கள் பலர், வந்தவர்கள் சிலர். தீபாவளி வாரத்தில் யாரும் வராமல் மேல்தட்டு முழுவதும் காய்ந்தது. நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது ஓரமாக வழிந்து கீழே வந்துவிடும், பார்ப்பவருக்கு மண் நனைந்த மாதிரி தெரியும், வேர் காய்ந்தே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அரைமணி இடைவெளி விட்டுப் பலமுறை தெளித்தால்தான் மீளும். அடுத்து வந்தவர், நல்லெண்ணத்தில்தான், எல்லாத் தட்டிலும் வாளி வாளியாக ஊற்றிவிட்டுப் போனார். பத்து நாளில் அறை முழுக்கச் சின்னக் கறுப்பு ஈ.

அறைக்குள் இயற்கை மண்ணில் வளர்ப்பவர்களுக்கு இந்த ஈ பெரிய எதிரி. பறக்கும் ஈ ஒன்றும் செய்யாது. ஈர மண்ணில் அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் இளவேரைத் தின்னும். இருக்கிறதா என்று அறிய, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் அழுத்தி வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல் உடலும் கறுப்புத் தலையுமாக நூலளவுப் புழுக்கள் ஒட்டியிருக்கும். மருந்து தேட வேண்டாம். மேல் ஒரு அங்குல மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள், மண்மேல் வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி தூவி மேலாக மட்டும் கிளறிவிடுங்கள். அந்த வாரத்துக்கு வைக்கோல் மூடாக்கை எடுத்துவிடுங்கள். இலையில் அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைசல் சேர்த்து, விளக்கை அணைத்த பிறகு தெளிக்க வேண்டும். விளக்கு எரியும்போது தெளித்தால் இலை கருகக்கூடும்.

பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் மாடிக்கு உகந்தவை. அறைக்குள் வேண்டாம், வாடை போகாது, வெல்லத்துக்கு எறும்பு வரும். மண்புழு நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும். குழாயில் வரும் குளோரின் தண்ணீரை ஒரு இரவு திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அறுவடையில் வேரோடு பிடுங்குவது இன்னும் நிற்கவில்லை. கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டி, வேரை உள்ளேயே மட்கவிட வேண்டும். அது மட்கிய இடம் அடுத்த வேருக்கும் காற்றுக்கும் வழி. மேலே அரை அங்குலம் மண்புழு உரம், வைக்கோல் மூடாக்கு, அடுத்த விதைப்பு. மூன்றாம் போகத்தில் கீரை வெளிறினால் ஒருமுறை பச்சைப்பயறு விதைத்து, பூக்கும் முன் வெட்டி அங்கேயே பரப்பினால் மண் தேறிவிடும். சம்பா அறுப்புக்கு முன் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதன் பலனை நான் விளக்க வேண்டியதில்லை. கீழ்த்தட்டு மண் ஐப்பசியில் நிரப்பியது, இன்றுவரை மாற்றவில்லை. கூட்டம் முடிந்ததும் அனைவரும் வந்து கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் படிப்பார். சந்தாவும் மண்கலவை விற்பனையும் வரவு. அறை வாடகை, மின்கட்டணம், ரேக், விளக்கு, இடுபொருள் ஆகியவை செலவு. கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. ஒரு கடையில் வாங்கிய மண்புழு உரத்தில் பாதி மண்ணாக இருந்ததால் திருப்பிக் கொடுத்த வகையில் ஒரு தொகை இன்னும் வரவேண்டியிருக்கிறது. சந்தா நிலுவை பற்றிப் பெயர் குறிப்பிட விரும்பவில்லை. ஆனால் மண்கலவையை உறுப்பினர் விலைக்கு வாங்கிப் போனவர்களில் சிலர் இரண்டு ஆண்டாகச் சந்தாவே கட்டவில்லை. அந்த விலை சந்தா கட்டுபவர்களின் பணத்தால்தான் குறைவாக இருக்கிறது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

அறை கொடுத்து உதவிய கட்டட உரிமையாளருக்கும், கணக்குப் பார்த்த தணிக்கையாளருக்கும், வழிநடத்திய தலைவர் ஐயாவுக்கும், முறை தவறாமல் வந்து தண்ணீர் ஊற்றிய சகோதரிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் ரேக்கை ஆறு தட்டாக்கி, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மார்கழியில் தைப்பட்ட நாற்று கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அதற்கு இரண்டு டிஜிட்டல் டைமர், இன்னொரு விசிறி, பத்து மூட்டை செம்மண் தேவை. பணத்தைவிட ஆள் தேவை. சாவி ஒருவரிடமே இருந்து, தண்ணீரும் அவரே ஊற்றி, மண்ணும் அவரே புரட்டுவது சங்கத்துக்கு நல்லதல்ல. செயலாளர் பொறுப்பை இளையவர் யாரேனும் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு விலகி, ரேக்கை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அப்படி யாரும் வரவில்லையென்றால், வாரத்துக்கு இருவர் என்ற கணக்கில் உறுதியாக வருபவர்கள் மட்டும் மேசைமேல் உள்ள புதிய பட்டியலில் கையெழுத்திட வேண்டுகிறேன். பட்டியல் நிரம்பினால்தான் ஆடியில் அடுத்த கலவையைத் தொடங்க முடியும். நிலுவைச் சந்தாவை ஜூன் மாதத்துக்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்