புள்ளிக்கு முன்னால் சீட்டைக் காட்டுங்கள்

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் கலிஃபோர்னியா ஹெர்பேரியங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சால்வியா ஃபியூனரியா என்ற ஒரே ஒரு செடிக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவின் டெத் வேலி என்ற பாலைப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகளில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளரும் புதர் இது. கம்பளி போர்த்தியதுபோல் உடம்பெல்லாம் வெள்ளை ரோமம், இலை ஓரத்தில் முள், அந்த வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஊதாப் பூ. நம் தும்பையும் துளசியும் இதே குடும்பம்தான். 1908-ல் தாவரவியலாளர் மார்கஸ் ஜோன்ஸ் இதற்குப் பெயரிட்டார். ஃபியூனரல் மலைத்தொடரின் பெயர்தான் செடிக்கும் வந்தது. அவர் சேர்த்த தாவரத் தாள்களை 1923-ல் பொமோனா கல்லூரி வாங்கியது. இன்று அவை கிளேர்மாண்டில் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிப்பட்ட பழைய தாள்களைப் பூச்சி அரிக்காமல் காத்து, படமெடுத்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. என் வருத்தமெல்லாம், செடி எடுத்த இடம் இது என்று வரைபடத்தில் விழும் புள்ளியைப் பற்றியது.

தாளில் ஒட்டிய பழைய சீட்டில், செடி எடுத்த இடம் என்று "டெத் வேலி" மட்டும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அங்கே பேட்வாட்டர் என்ற தாழ்நிலம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. அதே டெத் வேலி தேசியப் பூங்காவில் டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர் உயரம். பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு புள்ளி வைத்தால், அது புல்கூட முளைக்காத உப்புத் தரையில் போய் விழும். "இன்யோ கவுண்டி" என்று மாவட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் மோசம்; அந்தக் கவுண்டி 26,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. தரவை இறக்கிக்கொள்பவர் பிழை ஆரத்தை (புள்ளி எவ்வளவு தூரம் தவறியிருக்கலாம் என்ற அளவை) கவனிக்காமல் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் எடுத்துக் கணினியில் போடுகிறார். அப்புறம் மலை இடுக்கில் வாழும் செடி, உப்புத் தரையின் சூட்டையும் தாங்கும் என்று கணக்கு வந்து நிற்கும்.

டவுன்ஷிப், செக்ஷன் என்று நிலக்கட்டம் குறித்த, கொஞ்சம் துல்லியமான சீட்டிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க நில அளவையில் ஒரு டவுன்ஷிப் 6 மைலுக்கு 6 மைல், அதில் ஒரு செக்ஷன் 1 சதுர மைல். அந்த ஒரு மைலுக்குள் முகடு, நிழல் விழும் சுவர், வறண்ட ஓடை எல்லாமே அடங்கிவிடும். செடியோ சுவரில் இருக்கிறது. டைட்டஸ் கேன்யன் என்ற மலையிடுக்கின் குறுகலான இடங்களில் அகலம் 6 மீட்டர்கூட இல்லை. 1927-ஆம் ஆண்டு அளவை முறையில் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இன்றைய ஜிபிஎஸ் முறையில் அப்படியே போட்டால் பல பத்து மீட்டர் நகர்ந்துவிடும். அங்கே அது சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்குப் போதும்.

அதனால் என் வேண்டுகோள் இது. பதிவைத் திறந்ததும், சேகரித்தவர் எழுதிய சொற்கள் அப்படியே முதலில் தெரியட்டும். இடம் உறுதியில்லாதபோது புள்ளிக்குப் பதில் பிழை ஆரத்தின் அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். அந்த இடத்தை யார், எப்போது, எதை வைத்துக் குறித்தார் என்பதும் அருகிலேயே இருக்கட்டும். இதற்கான கட்டங்கள் தாவரத் தரவு முறையில் ஏற்கெனவே உண்டு, நிரப்பினால் போதும். "டெத் வேலி" என்று மட்டும் இருக்கும் தாளுக்கு வரைபடத்தில் இடமே தர வேண்டாம்.

இன்னொன்று, சேகரிப்பாளர்களின் களக் குறிப்பேடுகள். ஒரே நாளில் எடுத்த செடிகளுக்கு அடுத்தடுத்த எண் கொடுப்பது வழக்கம். முந்தைய எண் ஓர் ஊற்றருகே, அடுத்த எண் ஒரு கணவாயில் என்றிருந்தால், நடுவிலுள்ள எண் எந்த வழியில் கிடைத்தது என்று ஊகிக்கலாம். அந்தப் பக்கங்களையும் படமெடுத்துத் தாளோடு இணைத்துவிட்டால், மங்கலான சீட்டுகள் பலவற்றுக்கு உண்மையான இடம் கிடைக்கும்.

வேலை அதிகம், ஆள் குறைவு என்பது புரிகிறது. பழைய கையெழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்ய நான் தயார். முதல் கட்டாக சால்வியா ஃபியூனரியா தாள்களையே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தாள்களைத் தினமும் வாசிக்கும் ஒருவர்