மனோராவும் மெனாராவும்

தேவகோட்டை

அன்பு மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

போன வாரம் கோலாலம்பூர் மெனாரா கோபுரத்தின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாய். கூட ஒரு வரி இல்லை. ஆத்தா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உன் முகத்தைத் தேடினாள். நேரத்துக்குச் சாப்பிடு.

படம் வந்தது செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில் எடுத்த மாதிரி இருந்தது. ஆபீஸில் லீவு கொடுத்திருப்பார்கள். பிள்ளையார் நோன்பு அன்றும் நீ கூப்பிடவில்லை. மாவில் திரியேற்றி விழுங்கும் இழையில் உன் பங்கையும் ஆத்தாதான் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கோபுரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 421 மீட்டர். புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்கிறது, 1996இல் திறந்திருக்கிறார்கள். கட்டும்போது நூறு வயது தாண்டிய ஜெலுத்தோங் மரம் ஒன்று பக்கத்தில் இருந்ததாம். வெட்ட மனம் வராமல் 4,30,000 ரிங்கிட் செலவழித்துச் சுற்றுச்சுவர் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் ஐயா கடல் கடந்து கொண்டுவிக்கப் போய், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் படுத்திருந்த காலத்திலேயே அந்த மரம் அங்கே நின்றிருக்கும். அதே ஊரில் நீ இருக்கிறாய் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு தம்பி.

மெனாரா, நம் மனோரா, இரண்டும் ஒரே சொல்தான். மினார் என்பதற்கும் மூலமான அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மல்லிப்பட்டினம் பக்கம் உன்னைக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? எட்டு அடுக்குக் கோபுரம், ஆறு பக்கம், தஞ்சை சரபோஜி மன்னர் கட்டியது. வாட்டர்லூ வெற்றிக்குக் கட்டினார் என்பார்கள். கல்வெட்டில் இருப்பது 1814, வாட்டர்லூ சண்டை நடந்ததோ 1815 ஜூனில். நெப்போலியன் முதல் தடவை முடியிழந்ததற்கே கட்டிவிட்டார். "நெப்போலியன் இங்கே வந்தானா அப்பச்சி?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். சும்மா இருடா என்று அதட்டிவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு லீவு இல்லை. கடையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லாமல் தினமும் தூக்குச்சட்டியோடு கிளம்பிப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். அன்று நீயும் வருவேன் என்று அடம் பிடித்தாய். உன்னை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று ஆத்தாவிடம் பொய் சொல்லி அறந்தாங்கி பஸ் ஏறினேன். மதில் நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். முக்கால்வாசியை உன் பக்கம் தள்ளிவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆத்தாவுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. என் மனம் நோகக் கூடாது என்று கேட்காமலே தினமும் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவள் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றே கொட்டித் தீர்த்திருப்பேன்.

அதனால் நான் கேட்கிறேன். வேலை இருக்கிறதா தம்பி?

மேலவளவு வீட்டு வாடகை வந்திருக்கிறது, டிக்கெட்டுக்குப் போதும். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பச்சி