அரைக் கட்டைக்கு ஒரு நன்றி

என் கைக்கு என்ன ஆனது என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்லத் தெம்பில்லை. கை முடியாமல் போய்ப் பதினோரு மாதம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமை வயலினோடு மேடையில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் வாசித்தேன். மங்களம் வரைக்கும் விரல் என்னைக் கைவிடவில்லை. அந்தப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. ஆறு வயதில் விரலைப் பிடித்து முதல் பாடமான சரளி வரிசை வாசிக்க வைத்த குரு, இந்த வருஷம் மறுபடி அதே சரளி வரிசையிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். தினம் பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷம் வாசித்தால் திட்டு. வயலினைத் தொடக்கூடாத மாதங்களில் வர்ணங்களை மூன்று வேகத்திலும் வாயால் பாட வைத்தார். பிசியோதெரபிஸ்ட் மேடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நான் வயலினைத் தாடைக்குக் கீழே பிடிப்பேன் என்று நினைத்துக் கழுத்துக்கும் சேர்த்துப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். கிளினிக் தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக் காட்டியதும், எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பதில் வாசித்துவிட்டு, “உன் இடம்தான், சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்” என்று சொன்ன நண்பர்கள், பட்டியலில் என் பெயரை எடுக்காத சபா செயலாளர்கள், இரவில் நான் அழுதது கேட்டும் கேட்காத மாதிரி இருந்த அம்மா, அப்பா. எல்லோருக்கும் நன்றி.

இனி நான் சொல்ல வந்தது.

அன்று பாடியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபித்துக்கொள்வார். எனக்கு அவர் அக்கா. அக்காவின் சுருதி ஐந்து கட்டை. சுருதி என்றால் பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் ஆதார ஸ்வரம்; அதன் உயரத்தை ஆர்மோனியக் கட்டைகளை வைத்துச் சொல்வோம், எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். பக்கவாத்தியக்காரர்களுக்குச் சுருதியைத் தேர்ந்தெடுக்கிற பாக்கியம் கிடையாது. பாடுகிறவர் சுருதிக்கு நான்கு தந்தியையும் ச-ப-ச-ப என்று கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். தந்தி விரலுக்கு இதமாக இருக்கும். ஐந்து கட்டைக்கு ஏற்றினால் அதே தந்தி விறைத்துக்கொள்ளும். வீட்டில் நான் நாலு கட்டையில்தான் சாதகம் செய்துகொண்டிருந்தேன். ஐந்தில் இருபது நிமிஷம் தாண்டினால் ஆள்காட்டி விரல் மரத்துப்போகும். இது குருவுக்கு மட்டும் தெரியும்.

கிரீன் ரூமில் தம்பூராப் பெட்டியைத் திருகிக்கொண்டே அக்கா தொண்டையைச் செருமினார். “வர்ற வழியில ஏசி காத்து, தொண்டை கட்டிடுச்சுப்பா. இன்னைக்கு நாலரை வச்சுக்கலாமா? உனக்கொண்ணும் கஷ்டமில்லையே?”

எனக்குக் கஷ்டமாம்!

ஆர்மோனியத்தில் ஐந்துக்கு ஒட்டினாற்போல் கீழே இருக்கிற கறுப்புக் கட்டைதான் நாலரை. சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. தந்திக்குத் தெரியும். அரைக் கட்டை இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்துவிடும். தந்தியை முறுக்கும் பிருடையைத் தளர்த்தும்போதே என் தோள் இறங்கியது.

கச்சேரியின் மெயினாக அக்கா தோடி ராகத்தை எடுத்தார். காந்தார ஸ்வரத்தை அசைக்காமல் தோடி கிடையாது, அந்த அசைவுதான் என் விரலுக்கு எமன். அக்கா எதையும் குறைக்கவில்லை. ஆலாபனையை முழுசாகப் பாடினார், பிறகு என் பக்கம் திரும்பி முழுசாக வாசிக்கவிட்டார். ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவலில் ஒவ்வொரு சுற்றுக்கும் பதில் கேட்டார், ஸ்வரங்களைச் சுருக்கிக்கொண்டே போகிற குறைப்பில் விரட்டினார். பார்த்துப் பார்த்து, பாவம் என்று சுலபமாகப் பாடியிருந்தால் மேடையிலேயே உடைந்திருப்பேன். கீழ் ஸ்தாயியில் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கியபோது மட்டும் அவர் குரல் காற்றாகப் போனது. நிஜமாகவே தொண்டை கட்டுத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, “இன்னைக்குக் கீழ் ஸ்தாயி கொஞ்சம் எடுபடலையேம்மா” என்றார். அக்கா சிரித்துக்கொண்டே தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போதுதான் கடம் ஞாபகத்துக்கு வந்தது.

மிருதங்கத்தின் விளிம்பைத் தட்டி அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். கடத்தில் அந்த வேலை நடக்காது. சூளையிலிருந்து என்ன சுருதியோடு வந்ததோ, அதுதான் அதன் ஆயுசு முழுக்க. அதனால்தான் வித்வான்கள் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு கடம் வைத்திருக்கிறார்கள். அக்கா கச்சேரி என்றால் ஐந்து கட்டைக் கடம்தான் மேடைக்கு வர வேண்டும். அன்று கடம் வித்வான் உறையை அவிழ்த்து எடுத்தது நாலரை. கொண்டுவந்திருந்ததே அந்த ஒன்றுதான். மிருதங்க அண்ணாவும் கல்லைக் கையில் எடுத்து ரெண்டு தட்டுத் தட்டியதோடு சரி, சுருதி சேர்ந்துவிட்டது. ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஒருத்தர் முகத்திலும் கேள்வியில்லை. ஏசி காற்றில் தொண்டை கட்டப் போவது முந்தின நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு அழுகை.

பக்கவாத்தியம் என்றால் பாடுகிறவரின் நிழல் என்று சொல்லித்தான் எங்களை வளர்க்கிறார்கள். பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து வில்லைப் பிடித்தவர்கள் பாடகரின் மூச்சையும் உதட்டையும் பார்த்துப் பார்த்து ஈடுகொடுத்து வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் சேர்ந்து எனக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து பாடியவரும் அதில் ஒருவர்.

கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள மனசில்லை. கேட்டால் அவர்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும். ஒன்று மட்டும் செய்யப்போகிறேன். நான் தனிக் கச்சேரி வாசிக்கிற நாளில், முடியாத கையோடு சின்னப் பையனோ பெண்ணோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எனக்கும் ஒரு பொய் தயாராக இருக்கிறது: “புதுத் தந்தி போட்டிருக்கேன், ஏத்தினா அறுந்துடும்.”

அக்கா, இன்று காலை ஐந்து கட்டைக்கு ஏற்றி முக்கால் மணி நேரம் வாசித்தேன். விரல் மரக்கவில்லை. இனி உங்கள் தொண்டை சரியாகிவிடலாம்.