இழப்புகளோடு மீட்சியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் குறித்துத் தங்கள் இதழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவை சுட்டும் அபாயங்கள் உண்மையானவையே. ஆனால், எதையெல்லாம் இழந்தோம், இனி எதையெல்லாம் துறக்க வேண்டும் என்பதோடு அவற்றுள் பல நின்றுவிடுவது வருத்தமளிக்கிறது.

சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-இல் அளித்த அறிக்கை, வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராதவாறு இன்றைய தலைமுறையின் தேவைகளை நிறைவுசெய்வதே நீடித்த வளர்ச்சி என்றது. இன்று வாழ்வோரின் தேவைக்கும் அதில் சம இடம் உண்டு. குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் வளர்ந்து ஆளாகும் முன்பே மாண்ட பழங்காலத்தை இலட்சியமாகக் காட்டுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

ஓசோன் படலத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அண்டார்டிகாவுக்கு மேலே அது மெலிந்துவருவதை அறிவியலாளர்கள் 1985-இல் அறிவித்தார்கள்; இரண்டே ஆண்டுகளில், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் நிதியுதவியும் கிடைத்தன. ஓசோனை அழிக்கும் பொருள்களில் ஏறக்குறைய 99 விழுக்காடு இன்று புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இதற்காக எவரும் குளிர்பதனப் பெட்டியைத் தூக்கியெறியவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ஓசோனை அழித்த, உள்ளிருந்த குளிரூட்டும் வாயுதான் மாறியது. மாற்றாக வந்த வாயுக்கள் புவியைச் சூடாக்குவது தெரிந்ததும், அவற்றையும் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் அதே ஒப்பந்தம் திருத்தப்பட்டது. பிழை தெரிந்ததும் திருத்திக்கொண்டு மேலே செல்லும் இந்தப் பொறுமையே நம்பிக்கைக்கு ஆதாரம் என்பேன்.

கரியமில வாயுவின் சிக்கல் இதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உணவு முதல் சிமெண்ட் வரை அது கலவாத துறை இல்லை. ஆயினும், 2010-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சூரிய மின்தகடுகளின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. 1882-இல் நிலக்கரி மின்நிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024-இல் மூடியது. இவை போதா, ஆனால் பாதை இருக்கிறது என்பதற்கு இவை சான்று.

எதுவும் மாறாது என்று நம்பிவிட்ட வாசகர் எதையும் கேட்கமாட்டார், எதற்கும் வாக்களிக்கமாட்டார். ஆகவே, ஒரு சீரழிவைப் பற்றி எழுதும்போது, அதே போன்ற சீரழிவு வேறெங்கேனும் சரிசெய்யப்பட்டிருக்கிறதா, யார் செய்தார்கள், என்ன செலவானது, எது இன்னும் மிச்சமிருக்கிறது என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்