அடங்கல் ஜெராக்ஸ் எடுக்க வந்த அண்ணனுக்கு

பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் நகல் எடுக்கத்தான் மன்னார்குடியில் இந்த டிடிபி கடைக்கு வந்தீங்க அண்ணே. உபுண்டு (விண்டோஸுக்குப் பதில் நாங்க போட்டிருக்கும் லினக்ஸ்) அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன சிஸ்டம் கறுப்புத் திரையோடு நின்றது. வெளியில் பத்து பேர் வரிசை. யாரும் கேட்கவில்லை, நீங்களே கீபோர்டை இழுத்துக்கிட்டீங்க.

ஆன் பண்ணியதும் எஸ்கேப் தட்டி, உபுண்டு தொடங்கும் முன் வரும் கிரப் மெனு. அதில் 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (கிராபிக்ஸ் டிரைவர் இல்லாமல் சாதாரணத் திரையோடு தொடங்கச் சொல்வது) சேர்த்து எஃப்10. மங்கலாக, பெரிய எழுத்தில், ஆனாலும் டெஸ்க்டாப் வந்தது! டெர்மினலில் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரை பில்ட் பண்ணித் தருவது) ஸ்டேட்டஸ் பார்த்தீங்க. பழைய கெர்னலுக்கு, அதாவது சிஸ்டத்தின் மையப் புரோகிராமுக்கு, கிராபிக்ஸ் டிரைவர் இருந்தது, புதியதற்கு வரியே இல்லை. கெர்னலோடு பொருந்த பில்ட் பண்ணத் தேவையான ஹெடர் பேக்கேஜ் இல்லாமல் டிரைவர் மாட்யூல் பில்ட் ஆகாது என்றீங்க. அந்த ஒரு கெர்னலுக்கு மட்டும் போடாமல் 'ஜெனரிக்' ஹெடரைப் போட்டது எவ்வளவு நல்லது. அடுத்த கெர்னல் வந்தாலும் ஹெடர் கூடவே வந்துவிடும்.

பாழான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் நீலப் பேனாவில் எழுதியதும் இங்கேயே ஒட்டியிருக்கு: 'செக்யூர் பூட் (கையொப்பம் சரியில்லாத மாட்யூலைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால், டிரைவர் போட்டபின் ரீஸ்டார்டில் நீலத் திரை வரும். அவசரப்பட்டு கன்டினியூ அடிக்காதே. என்ரோல் எம்ஓகே (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது), பாஸ்வேர்ட், ரீபூட். விட்டால் மாட்யூல் லோடு ஆகாது.'

காசு வேண்டாம்னுட்டு, ஜெராக்ஸுக்கு மட்டும் சில்லறை எண்ணி வச்சீங்க. பேர்கூடக் கேட்கலை. ரொம்ப நன்றிண்ணே. உங்க அடங்கலில் ஒரு பக்கம் மெஷினிலேயே கிடக்கு, வந்து வாங்கிக்குங்க.